சொல் விளக்கம்: ரத்தவழித் தொற்று

“இரத்தத்தில் பிறந்த வைரஸ்கள்.”

எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஓர் அக்கா என்னிடம் நீட்டிய துண்டுப்பிரசுரத்தின் தலைப்பு இது. யார் அச்சிட்டது என்பது இங்கே வேண்டாம். சிங்கப்பூரின் நான்கு மொழிகளிலும் போட்டிருந்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான். அக்காவின் மகன் போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து திரும்பி சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ரத்தப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது.

“பிறந்ததுன்னு போட்டிருக்குதே தம்பி. எங்க பக்கத்துலயும் இல்ல, அவங்கப்பா பக்கத்துலயும் இல்ல. பிறக்கும்போதே எப்படி வந்திருக்கும்?”

ஆங்கிலத்தில் ‘ப்ளட்-போர்ன்’ என்ற சொல்லை யாரோ, அல்லது ஏதோ ஒரு மொழிபெயர்ப்புச் செயலி, தமிழாக்கிய லட்சணம் இது. ‘போர்ன்’ ஆங்கிலத்தில் இரண்டு உண்டு. ஒலி ஒன்றுதான், எழுத்தில்தான் வேறுபாடு. கடைசியில் ஓர் ‘ஈ’ எழுத்து இருந்தால் ‘சுமக்கப்பட்ட’, இல்லாவிட்டால் ‘பிறந்த’. இரண்டும் ‘பேர்’ என்ற ஒரே பழைய வினையிலிருந்து வந்தவை. சுமப்பதற்கும் பெறுவதற்கும் அவர்களுக்கு வினை ஒன்று. நம் அம்மாக்களும் ‘சுமந்து பெத்தேன்’ என்கிறார்கள், ஆனால் நமக்கு அங்கே வினை இரண்டு. ரத்தம் சுமந்துகொண்டு போகும் கிருமி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ரத்தத்தில் அது பிறக்கவில்லை, ஏறிக்கொண்டு வருகிறது. ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் பெருகுமிடம் கல்லீரல்தான். ரத்தம் வெறும் வாகனம்.

தமிழில் இதற்குத் தயாராக ஒரு சொல்லுறுப்பு இருக்கிறது: ‘வழி’. நீர்வழி நோய், காற்றுவழிப் பரவல் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்? சிங்கப்பூரில் ‘இணையவழி’, ‘செயலிவழி’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஆகவே ரத்தவழித் தொற்று. ‘குருதிவழித் தொற்று’ என்றும் எழுதலாம், பிழையில்லை. ரத்தம் வடமொழிச் சொல், ‘சிவந்தது’ என்பது அதன் அடிப்பொருள். குருதிக்கும் சிவப்புக்கும் உறவு உண்டு; சங்கப் பாட்டில் செங்காந்தளைக் ‘குருதிப் பூ’ என்றே சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் குருதி பிடிக்கும். ஆனால் பலதுறை மருந்தகத்தில் தாதி “குருதி எடுக்கணும்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. துண்டுப்பிரசுரத்துக்கு ரத்தமே போதும்.

ஒரு சின்ன நியாயமும் சொல்லிவிட வேண்டும். பிறப்புக்கும் இந்தத் தொற்றுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது ஹெப்படைட்டிஸ் பி. சிங்கப்பூரில் 1987லிருந்து எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆனால் அதுவும் தொற்றுதான், பரம்பரை அல்ல. சி வகைக்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது.

அடுத்த சொல் ‘தொற்று’. ஓடுகிற பேருந்தில் தொற்றிக்கொள்வது, கிளையில் தொற்றுவது என்று பற்றி ஏறுவதைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். கஷ்டம் என்னவென்றால், தொற்று என்றதும் நம் ஆட்களுக்கு ‘தொட்டால் வருவது’ என்று படுகிறது. ஒட்டுவாரொட்டி என்று ஒரு பழைய சொல் உண்டே, சொறிசிரங்கு மாதிரி உடம்போடு உடம்பு பட்டால் வருவதற்கு, அந்த எண்ணம் இதன்மேலும் ஏறிவிடுகிறது. அக்கா மகனுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைத்திருந்தார். குவளையின் அடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ரத்தவழித் தொற்று ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமலாலோ சி வகை பரவாது. சவரக் கத்தியும் பல் பிரஷும்தான் தனித்தனியாக இருக்க வேண்டும், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கலாம் என்பதால்.

வைரஸ் என்பது லத்தீனில் நஞ்சு, வழவழப்பான கசிவு என்ற பொருளில் வழங்கிய சொல். அதுவும் நாம் சொல்கிற ‘விஷம்’ என்ற வடசொல்லும் ஒரே மூலத்துப் பங்காளிகள் என்பது மொழியியலார் கணிப்பு. அப்படிப் பார்த்தால் ‘நச்சுயிரி’ எவ்வளவு பொருத்தம்! ‘தீநுண்மி’யும் வழக்கில் உண்டு. இங்கே நாளிதழிலும் செய்தியிலும் ‘கிருமி’, ‘கிருமித்தொற்று’ என்றே போடுவார்கள். கொவிட் காலத்தில் அது வாய்க்கு நன்றாகப் பழகிவிட்டது. கிருமிக்கு வடமொழியில் புழு என்று பொருள். பொது அறிவிப்புக்குக் கிருமி சரிதான். ஆனால் பாக்டீரியாவும் கிருமி, வைரஸும் கிருமி என்றால், சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்; அது பாக்டீரியாவுக்குத்தான், வைரஸுக்கு வேலை செய்யாது. அந்த இடத்தில் நச்சுயிரி என்றோ, வெறும் வைரஸ் என்றோ பிரித்துச் சொல்வது நல்லது.

ஹெப்படைட்டிஸ் கிரேக்கம்: ‘ஹெப்பர்’ கல்லீரல், ‘ஐட்டிஸ்’ அழற்சி. அழற்சி அழலிலிருந்து வந்தது. அழல் என்றால் தீ. கல்லீரல் அழற்சி என்பது தமிழில் அமைந்த அழகான கலைச்சொற்களில் ஒன்று. இதை ‘மஞ்சள் காமாலை’ என்று பெயர்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காமாலை ஓர் அறிகுறி. சி வகை தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளிப்பதே இல்லை. பத்து, இருபது ஆண்டு சத்தமே இல்லாமல் ஈரலைத் தழும்பாக்கிக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகவில்லையே என்று இருப்பவர்கள் ஒரு பக்கம், தேக்காவில் கீழாநெல்லி வாங்கி அரைத்துக் குடித்து முடித்துவிட்டதாக நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். சி நச்சுயிரியை அடையாளம் கண்டது 1989ல். அந்த ஆராய்ச்சிக்காக 2020ல் மூவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1989 வரை அதற்குச் சொந்தப் பெயர்கூட இல்லை, ‘ஏயும் அல்ல, பியும் அல்ல’ என்றுதான் அழைத்தார்கள். இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100 பேரில் 95க்கு மேற்பட்டோருக்கு முழுமையாகக் குணமாகிறது. அக்காவுக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. மாத்திரையா, ஊசி இல்லையா என்று இரண்டு முறை கேட்டார்.

ஊசி. உண்மையில் இந்தக் கட்டுரையில் எனக்குப் பெரிய வழக்கு இந்தச் சொல்லோடுதான். தமிழில் ஊசி என்றால் முனையும் ஊசி, சிரிஞ்சும் ஊசி, உள்ளே போகும் மருந்தும் ஊசி, போடுகிற செயலும் ஊசி. ‘ஊசியைப் பகிராதீர்கள்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் வருவது நுனியில் இருக்கும் அந்தக் கம்பி மட்டும். முனையை மாற்றிவிட்டோம், சிரிஞ்ச் பழசுதான், பரவாயில்லை என்று நினைத்துவிடுவார். ஆனால் சிரிஞ்சுக்குள் தங்கும் மிச்ச ரத்தமே போதும். ஆய்வுக்கூடச் சோதனையில் சி நச்சுயிரி அப்படித் தங்கிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிர்ப்போடு இருந்திருக்கிறது. போதைத்தூளைக் கரைத்த கரண்டி, வடிகட்டிய பஞ்சு, அலசிய தண்ணீர் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கலாம். மருத்துவமனையில் தவறுதலாகக் குத்திக்கொண்ட ஊழியர்களை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு: தடுப்பூசி போடாதவருக்கு பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை, சி ஏறத்தாழ 3, எச்ஐவி 0.3. எச்ஐவிக்கு நடுங்கும் ஊர், மற்ற இரண்டையும் கண்டுகொள்வதில்லை.

சிங்கப்பூரில் ஹெராயினை (பழைய ஆட்கள் ஹொக்கியனில் ‘பேஹூன்’ என்பார்கள்) தகரத்தாளில் சூடாக்கிப் புகையாக இழுப்பதே பரவலாக இருந்தது. 2002ல் ஹெராயின் பழக்கத்துக்கு மாற்றுச் சிகிச்சையாக சுபுடெக்ஸ் மாத்திரை வந்தது. நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டிய மாத்திரை அது. அதைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள், சிலர் டோர்மிகம் தூக்க மாத்திரையையும் சேர்த்து. இதய வால்வில் தொற்று வந்தவர்களும் விரல் கருகியவர்களும் மருத்துவமனைக்கு வந்தார்கள். 2006 ஆகஸ்டில் அது தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலுக்குப் போனது. இப்படி ஊசிக்கு மாறியபோது கூடவே வந்த பயணிதான் சி.

அவர்களை என்னவென்று அழைப்பது? சிங்கப்பூர்த் தமிழுக்கே உரிய சொல் ஒன்று இருக்கிறது, ‘போதைப்புழங்கி’. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் முதல் தடவை படித்துவிட்டு இது என்ன பூச்சி வகையா என்று கேட்டார். புழங்குதல் என்றால் பழக்கமாகக் கையாளுதல், வீட்டில் புழங்கும் பாத்திரம் என்கிறோமே, அது. சொல்லாக்கத்தில் தவறில்லை, ‘போதைக்கு அடிமை’ என்பதைவிட நூறு மடங்கு தேவலாம். ஆனால் சிகிச்சை பற்றிய பிரசுரத்தில் நான் ‘ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர்’ என்றே எழுதுவேன். நீளம்தான். அதில் ஒரு செயல் இருக்கிறது, நின்றுவிடக்கூடிய செயல். புழங்கி என்பது ஆளின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது.

அக்காவின் தாளில் பேனாவால் ‘பிறந்த’ என்பதை அடித்துவிட்டு ‘ரத்தவழி பரவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சிட்டவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டேன். போன வாரம் புதுப் பதிப்பைப் பார்த்தேன். தலைப்பைத் திருத்தியிருக்கிறார்கள்: ‘ரத்தவழி தொற்று’. ஒரு ‘த்’தைக் காணோம், சரி, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.