'ஆங்ரி'க்குப் பின்னால் ஏன் 'வித்'?

'என்மேல் கோபமா?' என்பதை ஆங்கிலத்தில் கேட்கப்போனால், தமிழ் பேசும் பலருக்கும் சட்டென்று வாயில் வருவது 'ஆர் யூ ஆங்ரி ஆன் மீ?' என்பதுதான். நமக்கு 'மேல்', அதனால் 'ஆன்'. ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் 'ஆங்ரி வித் மீ' அல்லது 'அட் மீ' என்பார். கோபம் ஆளின் மேல் இல்லாமல் ஒரு விஷயத்தைப் பற்றியது என்றால் 'அபவுட்'. ஏன் அப்படி என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்கும் சொல்லத் தெரியாது.

சொல்லத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. நாமும் இதையேதான் செய்கிறோம். பயம் என்றால் 'நாய்க்குப் பயப்படுகிறேன்', ஆர்வம் என்றால் 'இசையில் ஆர்வம்', கோபம் என்றால் 'அவன்மேல் கோபம்'. எந்தச் சொல்லுக்கு எந்த உருபு என்று யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. தமிழில் உருபு பெயரின் வாலில் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அதே வேலையை 'ஆஃப்', 'அட்', 'டு', 'வித்' போன்ற பிரிபொசிஷன்கள் பெயருக்கு முன்னால் தனியாக நின்று செய்கின்றன.

ஒரு காலத்தில் ஆங்கிலமும் வால் ஒட்டிய மொழிதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. 'நிறைந்த' என்று பொருள்படும் 'ஃபுல்' தனக்குப் பின் வரும் பெயரை ஆறாம் வேற்றுமை போன்ற வடிவத்தில் கேட்டது. 'லைக்', 'நியர்' இரண்டும் நான்காம் வேற்றுமை போன்ற ஒன்றைக் கேட்டன. காலப்போக்கில் அந்த விகுதிகள் உச்சரிப்பில் தேய்ந்து உதிர்ந்தன. ஆறாம் வேற்றுமையின் வேலையைப் பெரும்பாலும் 'ஆஃப்' எடுத்துக்கொண்டது. 'ஃபுல் ஆஃப் வாட்டர்' வந்தது அப்படித்தான். 'லைக்', 'நியர்', 'வர்த்' போன்ற சில சொற்கள் மட்டும் இன்றும் இடையில் எதுவும் இல்லாமல் நேராகப் பெயரைப் பிடித்துக்கொள்கின்றன: 'லைக் ஹெர் மதர்', 'நியர் த டோர்'.

சரி, அப்படியானால் எல்லாம் வெறும் பழைய மிச்சமா? இல்லை. பள்ளிப் பட்டியல்கள் 'ஆங்ரி', 'ஃபுல்' போன்ற பெயரடைகளை (அட்ஜெக்டிவ்) அகர வரிசையில் அடுக்குவதால் உறவினர்கள் பிரிந்துபோகிறார்கள் என்பதுதான் என் குறை. பயத்தின் பக்கம் பாருங்கள்: 'அஃப்ரெய்ட்', 'ஸ்கேர்ட்', 'ஃபிரைட்டன்ட்', 'டெரிஃபைட்' நான்குக்கும் 'ஆஃப்' பொருந்தும். திறமையைச் சொல்லும் 'குட்', 'பேட்', 'பிரில்லியன்ட்', 'ஹோப்லெஸ்' எல்லாம் 'அட்'டோடு சேரும். ஒப்புமையும் உறவும் சொல்பவை 'டு' பக்கம்: 'சிமிலர்', 'ஈக்வல்', 'ரிலேட்டட்', ஏன், 'மேரீட்' கூட. 'மேரீட் வித்' என்று நாம் தவறுவது, 'அவரோடு கல்யாணம்' என்று தமிழில் யோசிப்பதால்.

1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஒரு குழு, கோடிக்கணக்கில் ஆங்கிலச் சொற்களைக் கணினியில் ஏற்றி, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து அகராதி செய்தது. அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவான ஒரு விஷயம்: ஒரே அமைப்பில் வரும் சொற்கள் பெரும்பாலும் பொருளிலும் நெருங்கியவை. அதனால்தான் 'திறமைசாலி' என்ற பொருளில் புதிதாக ஒரு கொச்சைச் சொல் கிளம்பினாலும், யாரும் சொல்லித்தராமலேயே அதன் பின்னால் 'அட்' வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒரே பெயரடை பல பிரிபொசிஷன்களோடு சேரும் இடத்தில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. 'குட் அட்' என்றால் கெட்டிக்காரர். 'குட் வித் சில்ட்ரன்' என்றால் குழந்தைகளைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர். 'குட் டு மீ' என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொண்டவர். 'குட் ஃபார் யூ' என்றால் உங்களுக்கு நல்லது. குரல் கொஞ்சம் மாறினால் 'இருந்துட்டுப் போகட்டும்' என்ற நக்கல். 'டயர்ட் ஃப்ரம் வாக்கிங்' என்பவருக்குக் கால் வலிக்கிறது. 'டயர்ட் ஆஃப் வாக்கிங்' என்பவருக்கு நடையே அலுத்துவிட்டது. நம்மை அதிகம் கவிழ்ப்பது 'அஃப்ரெய்ட்'. 'நாய்க்குப் பயப்படுகிறேன்' என்பதில் உள்ள 'க்கு'வைப் பார்த்து 'அஃப்ரெய்ட் ஃபார் த டாக்' என்று சொன்னால், கேட்பவர் நாய்க்கு ஏதோ ஆபத்து என்று பதறுவார். கடித்துவிடுமோ என்ற பயத்துக்கு 'ஆஃப்'தான்.

'டிஃப்ரன்ட்' பற்றிய சண்டை தனி. 'ஃப்ரம்' எங்கும் செல்லும், 'டு' பிரிட்டனில் அதிகம், 'தேன்' அமெரிக்காவில் அதிகம். இதில் ஒன்றுதான் சரி என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

பிரிபொசிஷன் சேர்ந்ததும் பெயரடையின் இடமும் மாறும். 'எ பிரவுட் ஃபாதர்' என்பதில் பெயரடை முன்னால். 'மகளை நினைத்துப் பெருமைப்படும் அப்பா' என்றால் மொத்தமும் பின்னால் போய்விடும்: 'எ ஃபாதர் பிரவுட் ஆஃப் ஹிஸ் டாட்டர்'. நாம் எத்தனை நீளமானாலும் முன்னாலேயே வைப்போம். 'ஃபாண்ட்' போன்றவை இன்னும் பிடிவாதம். 'ஷி இஸ் ஃபாண்ட்' என்று நிறுத்தினால், எதை என்று கேட்பவர் காத்திருப்பார்.

கேள்வி கேட்கும்போது இந்த ஒட்டுதல் எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். 'எதற்குப் பயம்?' என்பதில் நம் உருபு 'எது'வோடு முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'வாட்' மட்டும் வாக்கியத்தின் தலைக்குப் போகிறது. 'ஆஃப்' பேச்சில் பெரும்பாலும் பெயரடையை விட்டு நகர்வதில்லை: 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?' இப்படி வாக்கியக் கடைசியில் பிரிபொசிஷன் தொங்குவதை 1672இல் கவிஞர் ஜான் டிரைடன் குறையாகச் சொன்னார். பின்னால் வந்த இலக்கண ஆசிரியர்கள் பலர் அதை விதியாகவே ஆக்கிப் பார்த்தார்கள். பேசுகிறவர்கள் இன்னும் 'ஆஃப்'பைக் கடைசியில்தான் வைக்கிறார்கள்.