அந்தத் துப்பாக்கிச் சத்தம் எங்கே போச்சு?

"சார், சின்ன வயசுல கேட்ட துப்பாக்கிச் சத்தம் இதுல இல்ல சார். கொஞ்சம் பார்த்துச் சரிபண்ணித் தர முடியுமா?"

போன வாரம் வந்தவர் மேசைமேல் வைத்தது ஒரு பழைய படத்தின் புத்தம்புதிய டிஸ்க். உறை கூட முழுசாகக் கிழிபடவில்லை. பழசு எங்கே என்று கேட்டேன். "அதான் புதுசு வந்துடுச்சே, பழசையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டுட்டேன்" என்றார். மூட்டையில் என்னவெல்லாம் இருந்தன என்று விசாரித்தால் இரண்டு டிவிடி, ஒரு லேசர்டிஸ்க் (டிவிடிக்கு முன்னால் இருந்த பெரிய தட்டு), ஒரு விஎச்எஸ் டேப். அவர் தேடி வந்த சத்தம் அந்த மூட்டைக்குள்தான் போயிருக்கிறது.

இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். முதல் ஆளிடம் பொறுமையாக விளக்கினேன். நான்காவது ஆளிடம் குரல் உயர்ந்துவிட்டது, மன்னிப்பும் கேட்டாயிற்று. ஐந்தாவது ஆளை இந்தக் கட்டுரை தடுத்தால் சரி.

பழைய படங்களின் ஒலியைப் பிரிண்டிலிருந்தும் டேப்பிலிருந்தும் எடுத்துச் சுத்தம் செய்வது என் தொழில். ஒரே படத்தின் ஐந்தாறு வெளியீடுகளை அருகருகே ஓடவிட்டு ஒப்பிடாத வாரம் கிடையாது. சுவடி ஒப்பிட்டவர்கள் பாடபேதம் என்று ஒன்று சொல்வார்கள் இல்லையா, அதேதான் இதுவும். ஒரே பாட்டுக்கு ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் வேறு சொல். அச்சுப் புத்தகம் வந்துவிட்டதே என்று ஏட்டை ஆற்றில் விட்டவர்களைத் திட்டுகிறோம். டிஸ்க்கைத் தூக்கிப் போடும்போது மட்டும் நமக்கு உறுத்துவதில்லை.

இனி, என் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். "மோனோ தானே சார், அது பழைய காலத்துக் குறை. 5.1-ல போட்டா முழுசா கேக்கும்."

மோனோ என்றால் எல்லாச் சத்தமும் ஒரே சேனலில், 5.1 என்றால் சுற்றிலும் ஆறு சேனலில். முழுசாக என்றால் என்ன? மோனோவில் இல்லாத எது 5.1-ல் வந்து சேர்ந்தது, எங்கிருந்து வந்தது? ஒரு படத்தின் ஒலி வசனம், இசை, மற்ற சத்தங்கள் என்று மூன்று தடங்களாகத் தயாராகி, கடைசியில் ஒன்றாகக் கலக்கப்படுகிறது. அந்தத் தனித்தனித் தடங்கள் பத்திரமாக இருந்தால் ஆறு சேனலுக்குப் பிரித்துப் பரப்பலாம், தப்பில்லை. பல படங்களுக்கு அவை இல்லை. கலந்து முடித்த ஒற்றை மோனோ மட்டும்தான் மிச்சம். சாம்பாரிலிருந்து பருப்பைத் தனியாக எடுப்பது எப்படி? அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், காலடி, கதவு, கார், துப்பாக்கி எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்து ஒட்டுகிறார்கள். நீங்கள் கேட்பது அந்தப் படத்தின் துப்பாக்கியே இல்லை. நாற்பது வருடம் கழித்து ஸ்டுடியோவில் யாரோ தேர்ந்தெடுத்த வேறொரு துப்பாக்கி.

'ஜாஸ்' 1975-ல் மோனோவில் வந்த படம். அந்த மோனோ கலவைக்குத்தான் ஒலிக்கான ஆஸ்கர் கிடைத்தது. 2000-ல் அது முதல்முறை டிவிடியில் வந்தபோது புதிய 5.1 இருந்தது, விருது வாங்கிய மோனோ இல்லை. 2005-ல் வந்த டிவிடியில்தான் திரும்பச் சேர்த்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் எத்தனை பேர் பழைய டேப்பையும் லேசர்டிஸ்க்கையும் கடாசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மோனோ குறை என்கிறவர்கள் முதலில் அந்த விருதைத் திருப்பி வாங்கிவிட்டு வரட்டும்.

'வெர்டிகோ'வை ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் கேட்ஸும் 1996-ல் மீட்டெடுத்தார்கள். படத்துக்குச் செய்த வேலை பெரிய வேலை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. இசைக்கும் நல்ல மூலப்பதிவுகள் கிடைத்தன. மற்ற சத்தங்களைப் பெரும்பாலும் புதிதாகத்தான் பதிய வேண்டியிருந்தது. புதிய சத்தங்கள் சுத்தமாக இருக்கின்றன. அந்தச் சுத்தம்தான் பிரச்சினை: வசனம் 1958-ல் நிற்கிறது, காலடி 1996-ல் நடக்கிறது. வந்த காலத்திலேயே இதைப் பற்றிச் சண்டை நடந்தது. பிறகு வந்த வெளியீடுகளில் மோனோவும் சேர்ந்தது.

'த டெர்மினேட்டர்' 1984-ல் மோனோ. பின்னால் வந்த 5.1-ல் துப்பாக்கிகள் மாறிவிட்டன, சில டிஸ்க்குகளில் மாறிய கலவை மட்டுமே உண்டு. இத்தாலியப் படமான 'த குட், த பேட் அண்ட் த அக்ளி'யில் இன்னொரு படி மேலே போனார்கள். ஆங்கிலப் பதிப்பில் வெட்டிப்போன காட்சிகளை 2003-ல் திரும்பச் சேர்த்தபோது ஆங்கில வசனம் இல்லை. எழுபதைத் தாண்டிய கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் எண்பதைத் தாண்டிய ஈலை வாலக்கும் வந்து, தங்கள் 1966-ம் வருடத்து முகங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். லீ வான் கிளீஃப் 1989-லேயே இறந்துவிட்டார், அவருக்கு வேறொருவர் பேசினார். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஆட்களுக்குத் திடீரென்று வயசாகிவிடும்.

மோனோவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் வந்தது எது என்பதே சில படங்களில் வழக்குதான். 'ஸ்டார் வார்ஸ்' 1977-ல் வெளியானபோதே மூன்று கலவைகள் இருந்தன: 70எம்எம் பிரிண்டுக்கு ஆறு தடம், 35எம்எம் பிரிண்டுக்கு டால்பி ஸ்டீரியோ, மற்ற அரங்குகளுக்கு மோனோ. மோனோவில் மட்டும் வருகிற வசனங்கள் உண்டு. லூக்கின் அத்தையாக வருகிற பெரு பாத்திரத்துக்கு மோனோவில் குரலே வேறு. இதில் எது உண்மையான ஸ்டார் வார்ஸ்? மூன்றும்தான். ஆகவேதான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறியாதீர்கள் என்கிறேன்.

அடுத்த ஏமாற்று, உறையில் அச்சடித்த "2.0". இரண்டு சேனல் என்பதைத் தவிர அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. பழைய மோனோவாக இருக்கலாம், புதிய 5.1-ஐ மடக்கி உள்ளே திணித்ததாகவும் இருக்கலாம். இலவசமாகக் கிடைக்கிற ஏதாவதொரு ஒலி மென்பொருளில் இடது, வலது சேனல்களைப் பிரித்து, ஒன்றின் அலையை மட்டும் மேல்கீழாகப் புரட்டி (மென்பொருளில் 'இன்வர்ட்' என்று இருக்கும்), இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நிசப்தமாகிவிடும். சுருக்கிய கோப்பாக இருந்தால் அடியில் லேசான கரகரப்பு மிஞ்சும், அதை விட்டுவிடுங்கள். வசனம் காணாமல் போய் இசையும் மழையும் மட்டும் ஆவி மாதிரி மிதந்தால் அது மோனோ இல்லை. நிசப்தம் வந்துவிட்டதே என்று குதிக்கவும் வேண்டாம். 5.1-ஐ ஒற்றைச் சேனலாக மடக்கியிருந்தாலும் நிசப்தம்தான் வரும். கடைசியில் காதால்தான் தீர்ப்பு: கதவு, காலடி, கார் பிரேக், துப்பாக்கி. இந்த நான்கையும் பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வசனத்தைக் கேட்டு ஒன்றும் தெரியாது, அது பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்க மறக்காதீர்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது "ஆகா" என்று சொல்லிவிடும். தொழிலில் இருக்கிற நானே தினமும் ஏமாறுகிறேன்.

இரைச்சல் நீக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கால அரங்குகளில் மேல்சத்தம் (கூர்மையான உயர் அதிர்வெண் ஒலி) வேண்டுமென்றே வெட்டப்பட்டது. அகாடமி கர்வ் என்று அதற்குப் பெயர். 8 கிலோஹெர்ட்ஸில் 18 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். அரங்கில் குறையப்போகிறது என்று தெரிந்து கலவையாளர்கள் மேல்சத்தத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்தார்கள். அதை இன்றைக்கு அப்படியே எடுத்தால் கிறீச்சென்று இருக்கும், பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் வரும். அவசரக்காரர் ஒருவர் வந்து அந்த இரைச்சலை ஒட்டத் துடைத்தால் வசனத்திலிருக்கும் 'ஸ'வும் சேர்ந்து போய்விடும். பேசுகிறவர் வாயில் பஞ்சு வைத்தமாதிரி இருக்கும். அறையின் காற்றே செத்துவிடும். இரைச்சல் இல்லாத பழைய படத்தைக் கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

படத்துக்கு வருகிறேன். இங்கும் அதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் படத்தை வெட்டிவிட்டார்கள் என்று இன்னும் அழைப்பு வருகிறது. 2.35 அகலத்தில் (உயரம் 1 என்றால் அகலம் 2.35) எடுத்த படத்தைப் பழைய டிவியின் 1.33 சட்டத்துக்குள் அடைத்த டேப்பில்தான் நீங்கள் நூற்றுக்கு 43 பங்கு படத்தை இழந்தீர்கள். பட்டையோடு வருவது முழுப்படம். இதற்கு எதிர்மாறான வழக்கும் உண்டு. அரங்கில் மறைத்துக் காட்ட வேண்டிய மேல், கீழ்ப் பகுதிகளைத் திறந்துவிட்ட டிஸ்க்குகளில் படம் கூடுதலாகத் தெரியும், கூடவே மைக்கும் தெரியும். 'த ஷைனிங்' தொடக்கக் காட்சியில் ஹெலிகாப்டரின் நிழல் தரையில் ஓடுவது அப்படித் திறந்துவிட்ட பதிப்பில்தான் ஊர்சிரிக்கத் தெரிந்தது. படம் எவ்வளவு அதிகம் தெரிகிறது என்று அளக்காதீர்கள், எதைக் காட்ட எடுத்தார்கள் என்று பாருங்கள்.

"ஒளிப்பதிவாளர் ஒப்புதல் பெற்றது", "இயக்குநர் மேற்பார்வையில்" என்ற வரிகளுக்கும் மயங்க வேண்டாம். ஒப்புதல் கொடுத்த ஆளுக்கும் வயது கூடியிருக்கிறது, ரசனையும் மாறியிருக்கிறது. 'அபோகலிப்ஸ் நவ்' டிவிடியை 2.00 அளவுக்குக் குறுக்கியது அதன் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோவேதான். 2010 ப்ளூரேயில் பழைய 2.35 திரும்பியது. 'த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009 ப்ளூரேயில் வில்லியம் ஃபிரீட்கின் வண்ணத்தை வெளுக்க வைத்தார். படம்பிடித்த ஓவன் ரோய்ஸ்மன் வெளிப்படையாகவே கொதித்தார், 2012-ல் வேறு பதிப்பு வந்தது. இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்குமே ஒத்துப்போகாதபோது உறையில் அச்சடித்த ஒரு வரி எதற்காகும்?

கிரெய்னை, அதாவது ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் பொடிப் புள்ளிகளைத் துடைப்பதும் இரைச்சலைத் துடைப்பதும் உடன்பிறப்புகள். 'பேட்டன்' 2008 ப்ளூரேயையும் 'பிரிடேட்டர்' 2010 ப்ளூரேயையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெற்றிச் சுருக்கமெல்லாம் மெழுகாக உருகியிருக்கும். அந்தப் புள்ளிகள் அழுக்கில்லை சாமி, படமே அவைதான். ஒரு முகத்தை எடுத்து நிறுத்திப் பாருங்கள், தாடையில் முடிக்கால் தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் பழைய டிஸ்க்கைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு தொந்தரவு, ஓடும் நேரம். "பழைய டிவிடி 115 நிமிஷம், புதுசு 120, அஞ்சு நிமிஷம் கூடுதல் காட்சி!" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். பழையது PAL (நொடிக்கு 25 பிரேம் ஓடும் பழைய டிவி முறை) டிஸ்க்காக இருந்தால் ஒரு காட்சியும் கூடவில்லை. நொடிக்கு 24 பிரேமாக எடுத்ததை 25 ஆக ஓட்டியதில் 4 சதவீதம் வேகம் ஏறி, 120 நிமிடப் படம் 115-க்குள் முடிந்துவிட்டது. ஈடுகட்டாமல் விட்டிருந்தால் சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். பாடகர் காது உள்ளவர்களுக்கு உடனே உறைக்கும்.

எங்கே ஒப்பிடுவது என்று கேட்டால், ரீல் மாறும் இடங்களில். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும், பிறகு இன்னொன்று. பிரிண்டுகள் அதிகம் தேய்வதும் அறுபடுவதும் அங்கேதான், புதிய பதிப்பில் அதிகம் ஒட்டுப்போடுவதும் அங்கேதான். 35எம்எம் பிரிண்டில் ஒலி படத்துக்கு ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஆகவே படம் குதித்து, கிட்டத்தட்ட ஒரு நொடி கழித்து வசனத்தில் ஓர் எழுத்து விழுங்கப்பட்டால், டிஸ்க் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எந்தக் காலத்திலோ ஓர் ஆபரேட்டர் ஒட்டிய ஒட்டு அது.

இவ்வளவும் செய்ய முடியாதவர்களுக்குக் குறைந்தபட்சம் இது: புதிய டிஸ்க் வந்ததும் பழையதை வெளியே எடுத்து வைக்காதீர்கள். பிளேயரில் ஒலி மெனுவைத் திறந்து எத்தனை தடம் இருக்கிறது என்று எண்ணுங்கள், தானாக ஓடுவதை நம்பாதீர்கள். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் பளபள வண்ணத்தையும் அணைத்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அங்கே ஒரு பதிப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் உங்களுக்குக் கடிதமா போடப்போகிறார்கள்? டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து பிளேயரில் போடாதீர்கள். அந்தப் பிளேயரில் அடுத்துப் போடும் டேப்பும் சேர்ந்து போகும்.

போன வாரம் வந்தவர் நேற்று திரும்ப அழைத்தார். அவருடைய மச்சானிடம் அதே படத்தின் டேப் ஒன்று, அட்டைப் பெட்டியில், பதினைந்து வருடமாகத் தொடாமல் இருக்கிறதாம். "இன்னிக்கு ராத்திரி ஒருதடவை ஓட்டிப் பார்த்துட்டு, நாளைக்குக் கொண்டு வரட்டுமா சார்?" என்றார்.

ஓட்டவே கூடாது, பெட்டியோடு அப்படியே கொண்டு வாருங்கள் என்றேன். இந்தமுறையும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.