ரெஜிஸ்டரைப் படித்தாலே வம்பு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். போனில் "ரெஜிஸ்டர்ல பிரச்சினை" என்று சொல்வதைக் கேட்ட மாமா, "கிரயப் பத்திரமாப்பா? தெரிஞ்ச ஆள் இருக்கார்" என்றார். பத்திர ஆபீஸ் ரெஜிஸ்டரை எத்தனை தடவை புரட்டினாலும் எழுத்து அழியாது. நான் சொன்னது ஹார்டுவேர் ரெஜிஸ்டர், சாதனத்தோடு பேச சிபியு எழுதிப் படிக்கும் சின்ன இடம். அதை நம்ப முடியாது.

விர்ச்சுவல் மெஷினுக்கு (மென்பொருளிலேயே உருவாக்கிய கம்ப்யூட்டர்) டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலரை மென்பொருளாக எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ரெஜிஸ்டரை, எழுதியதை அப்படியே வைத்திருக்கும் வேரியபிள் என்று நினைத்துவிடுவோம். பழைய டிஸ்க் இணைப்பு முறையான ஐடிஇ-யில் 1எஃப்7 என்ற முகவரியிலுள்ள போர்ட்டில் எழுதினால் அது கட்டளை, படித்தால் ஸ்டேட்டஸ். படித்த கையோடு, காத்திருக்கும் இன்டரப்ட்டும் (சிபியுவைக் கூப்பிட சாதனம் தரும் சைகை) இறங்கிவிடும். அதே ஸ்டேட்டஸை 3எஃப்6-இல் படித்தால் எதுவும் ஆகாது.

இது தெரிந்தே நான் மாட்டினேன். வேகம் அளக்க ஒரு லாக் வரி சேர்த்தேன். லாக் போட்டால் கெஸ்ட் (விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் ஓஎஸ்) தொங்கும், எடுத்தால் ஓடும். இரண்டு நாள் போச்சு. கடைசியில் பார்த்தால், கெஸ்ட் கூப்பிடும் அதே ஃபங்ஷனைத்தான் என் லாகும் கூப்பிட்டிருக்கிறது. கெஸ்ட்டுக்கு வரவேண்டிய இன்டரப்ட்டை நானே இறக்கிவிட்டேன். இப்போது லாகுக்குத் தனி ஃபங்ஷன்.

ஐடிஇ-க்குப் பின் வந்த ஏஹெச்சிஐ முறையில் இதைவிட நுணுக்கம். இன்டரப்ட் ஸ்டேட்டஸில் 1 எழுதினால் அந்த பிட் 0 ஆக வேண்டும். கெஸ்ட்டின் டிரைவர் 5 (பிட்டுகளில் 101) என்று படித்து 5-ஐயே திருப்பி எழுதும்; மிஞ்ச வேண்டியது 0. எழுதியதை அப்படியே சேமித்தால் 5 அங்கேயே நிற்கும், கெஸ்ட் சிபியு ஒரே இடத்தில் சுற்றும். இது உடனே கண்ணில் படும், பரவாயில்லை.

கமாண்ட் இஷ்யூ ரெஜிஸ்டர்தான் ஆபத்து. ஒரு போர்ட்டுக்கு (இங்கே, டிஸ்க் மாட்டும் இணைப்பு) அதிகபட்சம் 32 ஸ்லாட்; ஒரு கட்டளைக்கு ஒரு ஸ்லாட், அதற்கு ஒரு பிட். 1 எழுதினால் பிட் ஏறும், 0 எழுதினால் ஒன்றும் ஆகாது. வேலை முடிந்ததும் பிட்டை இறக்குவது கன்ட்ரோலர். டிரைவர் புதிய ஸ்லாட்டின் பிட்டை மட்டும் எழுதும்போது அப்படியே சேமித்தால், ஓடிக்கொண்டிருக்கும் மற்றவை முடிந்ததாகத் தெரியும். டேட்டா வரும் முன்பே, அது வந்து சேர வேண்டிய மெமரி இடமான பஃபரை கெஸ்ட் படித்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை அனுப்பும் டெஸ்டில் இது சிக்கவே சிக்காது.

அப்புறம், கெஸ்ட் ஒழுங்காகத்தான் எழுதும் என்ற நம்பிக்கை. அது தவறு. 2015-இல் வெளிவந்த வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை, விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான க்யூஇஎம்யு-வின் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் இருந்தது. 512 பைட் பஃபர். சில கட்டளைகளுக்குப் பின், பஃபரில் அடுத்து எழுதும் இடத்தைக் காட்டும் இன்டெக்ஸ் பழைய நிலைக்குத் திரும்பாது. கெஸ்ட் எழுதிக்கொண்டே போனால் பஃபருக்கு வெளியே போய்விடும். ஃப்ளாப்பியே சேர்க்காத மெஷின்களிலும் அந்த கன்ட்ரோலர் உள்ளே உட்கார்ந்திருந்தது.