விளம்பரச் சந்தாவை ஆள் தங்கிய இரவுக்கு வாங்குங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்து லாட்ஜ்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஊர் விளம்பரத்துக்குப் பொதுப்பணம் திரட்ட உட்கார்ந்தால், ‘அறைக்கு எவ்வளவு?’ என்பதில்தான் முதலில் முட்டிக்கொள்ளும். அறைக்கு மாதம் இவ்வளவு என்று வைத்தால், ஆடி அமாவாசைக்கு நிரம்பி வழியும் கோயில் வாசல் லாட்ஜும் ஐப்பசி மழையில் பாதி காலியாகக் கிடக்கும் சின்ன லாட்ஜும் அறைக்கு ஒரே தொகை கட்ட வேண்டிவரும். சீக்கிரமே பாக்கி விழும்.

ஆள் தங்கிய அறைக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று போடுங்கள். இரவுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 அறை உள்ள லாட்ஜில் ஒரு மாதம் 420 இரவு நிரம்பினால் 4,200 ரூபாய். 150 என்றால் 1,500. வாடகையில் சதவீதம் வைக்காதீர்கள்; ஆன்லைன் புக்கிங்கில் கமிஷனுக்கு முன்பா, கழித்த பிறகா என்ற தகராறு தீரவே தீராது. தங்குவோர் பதிவேட்டைப் பார்த்து மாதக் கணக்கை எழுதி, அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வங்கியில் கட்டட்டும். ரொக்கம் வேண்டாம்.

பில்லில் ‘சுற்றுலா வரி’ என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாரும் வரி விதிக்க முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 265ஆவது பிரிவு. வேறு பெயரில் தனியாக வாங்கினாலும் அது வாடகையோடு சேர்ந்து ஜிஎஸ்டிக்கு உட்படும். கலிபோர்னியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கட்டப்போகிறவர்கள் மனு கொடுத்தால் இத்தகைய கட்டணத்தை நகராட்சியே விதிக்கலாம். நமக்கு அந்தப் பலம் இல்லை. உறுப்பினர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பிடி. எனவே 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு, சங்கத்தின் பெயரில் பான் (வருமான வரிக் கணக்கு எண்), இந்தப் பணத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து எல்லாம் வசூலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உறுப்பினர் சந்தாவும் ஜிஎஸ்டி கணக்கில் வரும். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

செலவில்தான் பெரிய கோட்டை விடுகிறார்கள். அமாவாசைக் கூட்டத்துக்கு விளம்பரமே தேவையில்லை. 22 தீர்த்தமாடி, தனுஷ்கோடி பார்த்து, அன்றிரவே ரயிலேறும் குடும்பத்தை இன்னொரு இரவு நிறுத்துவதுதான் வேலை. அரியமான் கடற்கரை, குருசடைத் தீவு, தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை எல்லாம் அதற்கான சரக்கு. பலன் கிடைத்ததா என்பதையும் அதே பதிவேடு சொல்லும்: மொத்த இரவுகளை வந்த பதிவுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 300 பதிவுக்கு 330 இரவு என்றால் சராசரி 1.1 இரவு. மூன்று மாதம் ஆகியும் அந்த எண் நகரவில்லையா, அடுத்த விளம்பரக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.