முதல்நிலைப் பொறுப்பாளரா, உடனுதவுநரா?

'முதல் நிலை பொறுப்பாளர்கள் தயார் நிலையில் உள்ளனர்.' வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் செய்திக் குறிப்புகளில் இந்த வரி தவறாமல் இருக்கும். யார் இந்தப் பொறுப்பாளர்கள்? அதிகாரிகளும் வண்டிகளும் வந்து சேர்வதற்கு முன்பே ஓடிப்போய்க் கைகொடுக்கட்டும் என்று ஊருக்குள்ளேயே பெயர் எழுதி வைத்திருக்கும் ஆட்கள்தான். நீச்சல் தெரிந்த பையன், மகளிர் குழுவில் இருக்கும் அக்கா, மரம் அறுக்கிறவர், பாம்பு பிடிக்கிறவர். ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' என்பார்கள். 1970களில் அமெரிக்காவில் போலீசுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் நடந்த பயிற்சிகளோடு பரவிய பெயர் அது.

'ரெஸ்பாண்ட்' என்பதன் வேர் லத்தீன். 'ஸ்பொந்தேரே' என்றால் வாக்குக் கொடுப்பது. பதில் சொல்வது, கூப்பிட்ட குரலுக்கு வருவது, பொறுப்பேற்பது என எல்லாக் கிளைகளும் அந்த வேரிலிருந்து வந்தவை. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. கணினி மொழிபெயர்ப்பு முதல் கிளையைப் பிடித்து 'முதல் பதிலளிப்பவர்' என்கிறது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், தேர்வுத்தாளில் முதலில் விடை எழுதியவர் போல இருக்கிறது. அரசுத் தமிழ் கடைசிக் கிளையைப் பிடித்து 'பொறுப்பாளர்' என்கிறது. அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

தமிழில் பொறுப்பாளர் என்றால் யார்? விடுதிப் பொறுப்பாளர், கிளைப் பொறுப்பாளர், கட்சியில் தொகுதிப் பொறுப்பாளர். கையில் அதிகாரம் இருக்கிறவர், தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு ஊராட்சிக் கூட்டத்தில் பட்டியலை வாசித்தபோது, பெயர் வந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்: "ஏரி உடைஞ்சா நாங்கதான் பொறுப்புங்களா சார்? எழுதிக் குடுத்துட்டு மாட்டிக்கிறதா?" அவர் கேட்டதில் என்ன தவறு? காதில் விழுந்த சொல்லுக்கு அதுதான் பொருள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு, அவர் ஊர்ப் பக்கம் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டி, சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. அதைக் கண்ணால் பார்த்தவரிடம் போய் 'நீங்கள்தான் பொறுப்பு' என்றால் யார் கையெழுத்துப் போடுவார்?

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பக்கத்து வீட்டுக்காரர், 'அதுக்குத்தான் பொறுப்பாளர் இருக்காரே, அவர் பாத்துப்பார்' என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஊரே கயிறு பிடிக்க வேண்டிய வேலையை ஒரே ஆளின் தலையில் கட்டிவிடுகிறது அந்தச் சொல்.

அப்புறம் அந்த 'நிலை'. முதல்நிலைக் காவலர், இரண்டாம் நிலைக் காவலர் என்று காவல்துறையில் பதவிகள் இருக்கின்றன. 'முதல்நிலை' என்றதும் நம் ஆட்களுக்குத் தோன்றுவது தரவரிசை. மூலத்தில் சொல்வது நேரத்தை: யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பதை. நேரத்தைக் குறிக்கும் சொல்லைப் பதவியாக மாற்றிவிட்டு, 'நிலை'க்குப் பின்னால் வர வேண்டிய 'ப்' என்ற ஒற்றையும் தொலைத்துவிட்டு, அதையே வருடா வருடம் நகலெடுக்கிறோம்.

'மீட்பாளர்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தச் சொல்லின் மீது எனக்கு மரியாதை அதிகம். அது இந்த மண்ணின் சொல். தர்மபுரி, கிருஷ்ணகிரி நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருக்கிறார்கள்: கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டவன். தேசியப் பேரிடர் மீட்புப் படை என்று பெயர் வைத்தவர், அதன் ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'ரெஸ்பான்ஸ்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டாமல், செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார். நல்ல மொழிபெயர்ப்பு. 'பேரிடர்' என்பதும் அப்படித்தான்; தேவாரத்திலேயே இருக்கும் 'இடர்' என்ற சொல் இன்றைக்கு எல்லார் வாயிலும் புழங்குகிறது. ஆனாலும் மீட்பது இவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். ஒகேனக்கலில் நீர்வரத்து ஏறும்போது கரையில் நிற்பவர்களை மேலே ஏறச் சொல்வது, தென்பெண்ணைக் கரைக்காரர்களுக்குப் போன் போடுவது, காயம்பட்டவருக்குத் துணி கட்டுவது, 108 வண்டிக்கு வழி காட்டுவது, எல்லாம் இவர்கள் வேலைதான். தண்ணீரில் இறங்குகிறவரை மட்டும் மீட்பாளர் என்பதே சரி.

'ஆப்த மித்ரா' கதை தனி. மத்திய அரசு 2016இல் தொடங்கிய தன்னார்வலர் பயிற்சித் திட்டத்தின் பெயர் 'ஆபதா மித்ர', அதாவது ஆபத்தில் நண்பன். தமிழில் அதை 'ஆப்த மித்ரா' என்று எழுதியதும் ஆபத்து காணாமல் போய் 'நெருங்கிய நண்பன்' ஆகிவிட்டது. ஆபதாவும் ஆப்தமும் வேறு வேறு சொற்கள் என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை. 'ஆபத்து' நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே! 'ஆபத்து நண்பர்' என்று எழுதியிருந்தால் வடசொல்லும் வாழ்ந்திருக்கும், பொருளும் விளங்கியிருக்கும்.

சரி, என்ன சொல்லலாம்? 'உடனுதவுநர்' என்கிறேன். ஓட்டுநர், நடத்துநர், அனுப்புநர், பெறுநர் எல்லாம் பேருந்திலும் கடிதத்திலும் பழகியவை. அதே அச்சில் வார்த்தது இது. முதலுதவியாளர் என்றால் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் மட்டும் என்றாகிவிடும். உடனுதவுநரில் 'உடன்' என்பது உடனடியையும் சொல்கிறது, கூடவே இருப்பதையும் சொல்கிறது. ஆடை நழுவும்போது கை தானாகப் போவதுபோல் 'ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு' என்கிறார் வள்ளுவர். அந்த 'ஆங்கே' தான் இந்த 'உடன்'. குழுவாக இருந்தால் உடனுதவிக் குழு. பேச்சில் 'மொத ஆளா வர்றவங்க' என்றே சொல்லிக்கொள்ளலாம், அதுவும் நல்ல தமிழ்தான்.

'பொறுப்பு' என்ற சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. மண்டலத்துக்கு ஒருவராகப் போட்டிருக்கும் அலுவலர்களைப் பொறுப்பு அலுவலர் என்றே எழுதுங்கள். ஏரிக்கரை பலமாக இருக்கிறதா, மணல் மூட்டை வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஊராட்சிச் சுவரில் அவர்கள் பெயர் மேலே வரட்டும், நடுவில் உடனுதவுநர் பெயர்களும் கைபேசி எண்களும், அடியில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. இந்த மழைக்கு முன் சுவரில் புதிதாக எழுதும்போதே மாற்றிவிடலாம்.