முகவரியில் 123456789 இருக்கிறதா?

ஒரு கல்லூரியின் டிஜிட்டல் களஞ்சியத்தைப் பார்க்கக் கூப்பிட்டால், நான் முதலில் பார்ப்பது முகவரிப் பட்டையைத்தான். அதில் 123456789 என்ற எண் இருந்தால், நிறுவியவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார் என்று பொருள்.

டிஸ்பேஸ் நூலகர்களுக்குப் புதிதல்ல. இப்படிப்பட்ட களஞ்சியங்களை அமைக்க எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. ஆய்வகமும் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்காவும் இதில்தான் ஓடுகிறது. "இலவசம்தானே சார், தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்குள் ஒன்று போட்டுவிடுங்கள்" என்பார்கள். போட்டுவிடலாம். அப்புறம்தான் தலைவலி.

டிஸ்பேஸ் ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'ஹேண்டில்' என்றொரு நிரந்தர அடையாள எண் தரும். அதன் முன்பாதி நம் நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. சிறு கட்டணம் கட்டிப் பதிவு செய்து வாங்க வேண்டும். வாங்கும்வரை சும்மா இருக்கட்டும் என்று மென்பொருளோடு வருவதுதான் 123456789. பதிவு செய்த எண் இருந்தால், களஞ்சியத்தை எந்த சர்வருக்கு மாற்றினாலும் புது இடத்தைத் தெரிவித்துவிட்டால் போதும், பழைய இணைப்பு அங்கே கொண்டுபோய் விடும். இல்லாவிட்டால்? நான் பார்த்த ஒரு கல்லூரி தன் இணையதளப் பெயரை மாற்றியது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் கொடுத்திருந்த இணைப்புகள் அத்தனையும் ஒரே நாளில் செத்துப்போயின.

பகிர்வதிலும் இதே அலட்சியம்தான். ஓ.ஏ.ஐ. நெறிமுறை வழியாக, பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேடவைக்கும் வெளித் திரட்டிகள் நம் ஆவண விவரங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அமைப்புக் கோப்பில் சர்வரின் பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே கிடந்தால், அவர்களுக்குப் போகும் முகவரியும் அதுவே. அந்தப் பெயருக்கு 'இதே கணினி' என்றுதான் பொருள்; வெளியிலிருந்து சொடுக்கினால் நம் களஞ்சியத்துக்கு வராது.

தமிழ்த்துறை ஆய்வேடுகள் தனிக்கதை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பி.டி.எஃப். கண்ணுக்கு அழகாகத்தான் தெரியும். அதில் 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! தேடுபொறிக்குத் தெரிவதும் அதுதான். யூனிகோடுக்கு மாற்றிய பிரதியை வாங்கிப் பதிவேற்றுங்கள். முடியாவிட்டால் தலைப்பையும் சுருக்கத்தையுமாவது யூனிகோடில் உள்ளிடுங்கள். ஆசிரியர் பெயரில் தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பேராசிரியர் பட்டியலில் மூன்று பேராக நிற்பார்.

கடைசியாக, பேக்கப். டிஸ்பேஸ் ஆவணங்களை 'அசெட்ஸ்டோர்' என்ற கோப்புறையிலும், அவற்றின் விவரங்களைத் தரவுத்தளத்திலும் வைக்கிறது. இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓரிடத்தில் சர்வர் பழுதானபோது, கோப்புறை மட்டும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்தால் எல்லாக் கோப்புகளுக்கும் நீளநீளமான எண்கள்தான் பெயர். தலைப்பு இல்லை, ஆசிரியர் இல்லை, பி.டி.எஃப். என்ற வால்கூட இல்லை. நானும் அந்த நூலகரும் ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் பக்கத்தைப் படித்து, எது எவருடையது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம்.