ஃபார்ஸ்: கேலிக்கூத்தா, குளறுபடிக் கூத்தா?

பழைய பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிப் படிக்கும்போது ‘ஃபார்ஸ்’ என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். தமிழில் இதைக் ‘கேலிக்கூத்து’ என்று எழுதுவதே வழக்கமாகிவிட்டது. ‘விசாரணை கேலிக்கூத்தாகிவிட்டது’ என்று செய்தித்தாள் எழுதும்போது அது முற்றிலும் பொருந்துகிறது; முறையாக நடக்க வேண்டியது பெயரளவுக்கு நடந்தால் ஆங்கிலேயரும் ‘ஃபார்ஸ்’ என்ற சொல்லால்தான் பழிக்கின்றனர். ஆனால் மேடையிலும் தொலைக்காட்சியிலும் ஃபார்ஸ் என்பது குழப்பத்தின் மேல் குழப்பமாக ஓடும் ஒரு நகைச்சுவை நாடக வகையின் பெயர். அங்கும் ‘கேலிக்கூத்து’ என்றே எழுதினால், நல்ல படைப்பொன்றை நாம் குறை சொல்வதாக வாசகர் எண்ணிக்கொள்வார்.

சொல்லின் பிறப்பிடத்தில் கேலியே கிடையாது. திணித்து நிரப்புதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது இது. பிரெஞ்சுச் சமையலில் இன்றும் கோழியின் வயிற்றிலோ குடைந்த தக்காளியிலோ வைத்து அடைக்கும் கலவைக்கு ஃபார்ஸ் என்றே பெயர். நம் கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணத்தைப் போன்றது. இடைக்காலத் திருச்சபையில் வழிபாட்டு வாசகங்களுக்கு இடையே செருகிய கூடுதல் தொடர்களையும் இவ்வினையிலிருந்து பிறந்த சொல்லால் குறித்தனர். பின்னர் பிரான்சில், சமய நாடகங்களுக்கு நடுவே கூட்டத்தைச் சிரிக்கவைக்கச் செருகிய கோமாளிக் காட்சிகளுக்கு அப்பெயர் சென்றது. அவை தனி நாடகங்களாக வளர்ந்தன. 16ஆம் நூற்றாண்டில் நாடகப் பொருளோடு ஆங்கிலத்திலும் இச்சொல் புழங்கத் தொடங்கியது.

இலண்டனில் 1923 முதல் 1933 வரை ஆல்ட்விச் அரங்கில் நடந்த பன்னிரண்டு ஃபார்ஸ்களில் ஒன்பதை எழுதியவர் பென் டிராவர்ஸ். 1950களிலும் 60களிலும் ஒயிட்ஹால் அரங்கில் நடிகர் பிரையன் ரிக்ஸ் இம்மரபைத் தொடர்ந்தார். தொலைக்காட்சியில் அது உச்சம் தொட்டது, என் கணிப்பில், ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரில்தான். 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தமே பன்னிரண்டு பகுதிகள். வழக்கமான அரைமணி நேரத் தொடரின் எழுத்துப்படியைப் போல ஏறத்தாழ இருமடங்கு பக்கங்கள் தங்களுக்குத் தேவைப்பட்டன என்று கிளீஸ் சொல்லியிருக்கிறார். திணித்து அடைத்தல் என்ற மூலப்பொருளுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அத்தொடரில் 1979இல் வந்த ஒரு பகுதியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் கடலோர நகரான டார்கீயில் உள்ள விடுதியில் ஒரு விருந்தினர் இரவிலேயே இறந்துவிடுகிறார். காலையுணவைக் கொண்டுவரும் விடுதிக்காரர் பாசில் அதைக் கவனிக்காமல் அவரோடு பேசிக்கொண்டே போகிறார். பதில் வராததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு எரிச்சலோடு வெளியேறுகிறார். உண்மை தெரிந்ததும், தான் கொடுத்த பழைய மீன்தான் உயிரைப் பறித்ததோ என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. பிற விருந்தினர் அறியாதபடி பணியாள் மனுவேலும் அவரும் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எந்தக் கதவைத் திறந்தாலும் அங்கே ஓர் ஆள் நிற்கிறார். அலமாரியில் ஒளித்தால் அந்த அறைக்கு உரியவர்கள் வந்துவிடுகிறார்கள். உடலைக் கண்டு அலறி, அடக்க விழுந்த அறையில் மயங்கிவிடும் மூதாட்டியையும் அதே அலமாரிக்குள் அடைக்க நேர்கிறது. முதல் பொய்யை மறைக்க இரண்டாவது, அதை மறைக்க மூன்றாவது என்று அரைமணி நேரத்துக்குள் கழுத்துவரை நிரம்பிவிடுகிறது. இங்கே யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. தவித்து அல்லாடும் ஒரு மனிதரின் வேகமும், நொடி பிசகாத கதவுகளின் கணக்கும்தான் நம்மைச் சிரிக்க வைக்கின்றன.

இதற்கு ஈடான தமிழ்ச்சொல்லை நம் அன்றாடப் பேச்சிலேயே காணலாம். வீட்டில் ஒன்றுகிடக்க ஒன்று நடந்தால் ‘இதென்ன கூத்து!’ என்கிறோம், ‘அங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள்’ என்று கதை தொடங்குகிறோம். கலையின் பெயரும் தடுமாற்றத்தின் பெயரும் ஒரே சொல்லில் கூடியிருப்பது தமிழின் வளம். ‘ஆள்மாறாட்ட நாடகம்’ என்றும் சிலர் எழுதலாம். ஆனால் ஆள்மாறாட்டம் ஃபார்ஸின் ஓர் உத்தி மட்டுமே, மேற்சொன்ன விடுதிக் கதை முழுவதும் ஒளித்தலால் ஓடுவது. ஆகவே, தவறின் மேல் தவறாக அடுக்கப்படும் இவ்வகைக்குக் ‘குளறுபடிக் கூத்து’ என்ற பெயரை முன்வைக்கிறேன். முன்பின் கேட்டிராதவருக்கும் உடனே விளங்கும். பழிக்கும் பொருளில் வரும் இடங்களில் ‘கேலிக்கூத்து’ அப்படியே இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, ‘ஒயிட்ஹால் அரங்கு குளறுபடிக் கூத்துகளுக்குப் பெயர்பெற்றது’ என்றும், ‘ஏலம் கேலிக்கூத்தாக முடிந்தது’ என்றும் எழுதலாம்.